இத்தாவில் இருபதாவது படம்

— அந்த வயர்ல கை வைக்காதீங்க லாத்தா. சொல்லிட்டேன்.

— வைக்காம? நான் என்ன விருந்துக்கா வந்துருக்கேன்? கீழ டிரைவர் வண்டிய ஓட விட்டுக்கிட்டு நிக்கிறாரு. டிவியைக் கழட்டி எடுத்துக்கிட்டுத்தான் வரணும்னு அவுஹ சொல்லி அனுப்பிருக்காஹ.

— கழட்டுங்க பாப்போம். அம்பத்தஞ்சு இஞ்ச். உங்க தம்பி வாங்கினப்போ ரெண்டு ஆளு சேந்து மூணாவது மாடிக்கு ஏத்துனாங்க. உங்க முட்டி வலிக்கு அது ஒத்து வராது.

— கேலி பேசாத ஷிரினு. புருசனுக்காக இத்தாவுல இருக்குறவ பேசுற பேச்சா இது? என் தம்பி மவுத்தாகி மூணு மாசங்கூட முழுசா ஆகல. நீ என்னடான்னா தெனம் ஒரு பேய்ப்படத்தைப் பாத்து, அதுக்கு வெளக்கம் வேற சொல்லி ஊருக்கெல்லாம் அனுப்பிக்கிட்டு இருக்க.

— ஊருக்கெல்லாம் இல்ல. வாட்ஸ்அப் குரூப்புல இருநூத்திப் பதினாலு பேரு. அவ்வளவுதான்.

— அல்லாவே! கொறச்சலா இருக்குன்னு வருத்தமா உனக்கு?

— வருத்தமில்ல. நேத்துக்கூட நாலு பேரு புதுசா சேந்தாங்க.

— ஏ புள்ள, எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, தெரியும்ல? மூணு மாடி ஏறி வந்துருக்கேன், மூச்சு வாங்குது. இடியாப்பமும் ஆணமும் கொண்டாந்தேன், அத எடுத்து வைக்கக்கூட விடாம வாயாடுற.

— நீங்கதானே செருப்பைக் கழட்டுன கையோட நேரா டிவிக்குப் போனீங்க? உக்காருங்க. தண்ணி தரேன். டிவியைத்தான் தர மாட்டேன்.

— நீ பேசுறது கீழக்கரை வரைக்கும் போயிருச்சு, தெரியுமா? நம்ம தெருவுல ஒரு கல்யாண வூடு. சமையக்கட்டுல ஒருத்தி போனைத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேக்குறாளாம். உன் குரலு. ‘இன்னைக்கு மூணு தலகாணிப் படம். மறக்காம பாத்ரூம் போயிட்டு வந்து உக்காருங்க’ன்னு. இது பஹ்ரைன் சாதிக் பாட்ஷா பொண்டாட்டி குரலாச்சேன்னு நாலு பொம்பளைங்க கூடிட்டாஹ. உம்மா சோறு திங்காம எந்திரிச்சு வந்துட்டாஹளாம்.

— பாத்ரூம் போயிட்டு வாங்கன்னு சொன்னதுல என்ன தப்பு? நல்லதுக்குத்தானே சொன்னேன்.

— ஷிரினு!

— சரி, சரி. மாமிகிட்ட நான் பேசிக்கிறேன்.

— பேசிக் கிழிச்ச. அது என்ன தலகாணிக் கணக்கு? அதை வேற நாலு பேரு கேட்டுச் சிரிச்சிருக்காஹ.

— அது உங்க தம்பி கண்டுபிடிச்சது. அவங்களுக்குப் பேய்ப்படம்னா உசுரு. ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. மூஞ்சியில தலகாணிய வச்சு அமுக்கிக்கிட்டு, ‘போயிருச்சா, போயிருச்சா’ன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நான் ‘போயிருச்சு’ன்னு பொய் சொல்லுவேன். எடுத்தா நேரா பேய் மூஞ்சி. உடனே ரெண்டாவது தலகாணி. எந்தப் படத்துக்கு எத்தனை தலகாணியோ அதுதான் மார்க்கு.

— சின்னப்புள்ளையிலயும் அப்புடித்தான். பொழுது சாஞ்சுட்டா கக்கூஸுக்குத் தனியாப் போக மாட்டான். நான் வெளிய நின்னு பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டை நிறுத்திட்டா உள்ளருந்தே ‘லாத்தா, லாத்தா’ன்னு ஒரே கூப்பாடு.

— பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க.

— நான் எங்க சிரிச்சேன்? அஸ்தஃபிருல்லா. பேச்சை மாத்தாத. அது என்ன மாசம் முழுக்க ஒரு கூத்து? ஹாலோவீனோ கீலோவீனோ. அது நம்ம பெருநாளா?

— பெருநாளுன்னு யாரு சொன்னா? அக்டோபர் வந்தா உலகமே பேய்ப்படம் பாக்குது, நாங்களும் பாத்தோம். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு படம். ஏழு வருஷமா நடக்குது. நீங்க ஏறி வரும்போது கீழ கோல்ட் ஸ்டோர் கதவுல ஒரு எலும்புக்கூடு தொங்கிச்சே, பாக்கல?

— பாத்தேன். துஆ ஓதிக்கிட்டே ஏறி வந்தேன்.

— அந்தக் கடைக்காரரை யாராவது போய்க் கேட்டீங்களா? அங்கதானே பாலும் முட்டையும் வாங்குறீங்க? நான் மட்டும் எளச்சவளா?

— அந்தாளு இத்தா இருக்குறாரா? நீ இருக்க.

— ஆமா, இருக்கேன். ஒழுங்காத்தான் இருக்கேன். ஜூலைலருந்து இந்த வாசப்படியத் தாண்டல. நகை இல்ல, பூ இல்ல, கண்ணுக்கு மை இல்ல. அஞ்சு வக்து தொழுறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவங்களுக்கு யாசீன் ஓதுறேன். ஸ்கூல் லைப்ரரியில சம்பளமில்லா லீவு வாங்கிட்டு உக்காந்திருக்கேன். நாலு மாசம் பத்து நாள்ல இன்னும் ஆறு வாரம் பாக்கி, அதையும் குறையில்லாம முடிப்பேன். ஆனா இத்தாவுல பேய்ப்படம் பாக்கக்கூடாதுன்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு? எடுத்துக் காட்டுங்க. காட்டுனா நானே வயரைப் பிடுங்கித் தரேன்.

— கிதாபுல எழுதணுமா? பாக்குறவுஹ என்ன சொல்லுவாஹன்னு ஒண்ணு இருக்குல்ல? புருசன் போன துக்கம் கொஞ்சமாவது இருந்தா இப்புடி உக்காந்து படம் பாப்பாளான்னு கேக்குறாஹ. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

— யாரு கேக்குறா? பேரைச் சொல்லுங்க. அவங்களை என்கிட்ட பேசச் சொல்லுங்க.

— அவுஹளே கேக்குறாஹ. எங்க வூட்டுல.

— செய்கு அலாவுதீன் காக்காவா? அவங்களுக்கு என் துக்கத்தை அளந்து பாக்க யாரு முழக்கோல் குடுத்தா?

— வாய் நீளுது. அந்தக் குரூப்புல ஆம்பளைங்களும் இருக்காஹளாமே? அன்னிய ஆம்பளைங்க காதுல உன் குரலு தெனம் விழுறது நல்லாவா இருக்கு?

— யாரு அந்த ஆம்பளைங்க? சவூதியில, யான்பு ரீஃபைனரியில வேலை பாக்குறவங்க. நைட் டூட்டி பாத்துட்டு, காலைல ரூமுக்கு வந்து, தூக்கம் வராமக் கிடக்குறவங்க. உங்க தம்பி இங்க வர்றதுக்கு முந்தி அங்க கூட வேலை பாத்தவங்கதான் முக்கால்வாசி. உங்க தம்பிதான் இந்தக் குரூப்பையே ஆரம்பிச்சாங்க. நான் சொன்னா அதைக் கேட்டுப் படத்தைப் போடுவாங்க. அதுல என் மூஞ்சியும் இல்ல, முந்தானையும் இல்ல.

— பொம்பளைங்களே இல்லையா?

— ஏன் இல்ல? அல் ஐன்ல பஞ்சவர்ணம்னு ஒரு அம்மா இருக்காங்க. அரபி வீட்டுல சமையல். மத்தியானம் எல்லாரும் தூங்குனப்புறம் அரை மணி, அரை மணியா நாலு நாள்ல ஒரு படத்தை முடிப்பாங்க. அவங்களுக்கு ரத்தம் உள்ள படம் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கறி கழுவுறவங்க, அதுலயும் ரத்தத்தையே பாக்கணுமா? அவங்களுக்குன்னு தேடி லிஃப்ட் படம் ஒண்ணு சொன்னேன். அஞ்சு மாடிக் கட்டடம், லிஃப்டுல மட்டும் ஆறாவது பட்டன் இருக்கும்.

— யாரு அழுத்துவா?

— ஹாங்?

— அந்த ஆறாவது பட்டனைத்தான் கேக்குறேன். வேலையத்தவ எவளாவது போயி அழுத்துவாளா?

— அழுத்துவா. அதுதானே படம்.

— சனியன். பேசாம அவ அஞ்சுல எறங்க வேண்டியதுதானே… இரு, போன் அடிக்குது. அவுஹதான். நீ வாயைத் தொறக்காத. ஆங், சொல்லுங்க… ஆமாங்க, பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்… இல்ல, இன்னும் கழட்டல… பதமாச் சொல்லி வாங்கணும்ல… டிரைவரை நிக்கச் சொல்லுங்க. ம். வைக்கிறேன்.

— என்னவாம்?

— அஞ்சு நிமிசத்துல எறங்கி வரணுமாம். நீ கேக்கலன்னா இத்தா முடிஞ்ச மறுநாளே உனக்கு டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவாஹளாம்.

— அனுப்ப முடியாது. என் விசா ஸ்கூல்ல அடிச்சது, என் பேர்ல இருக்கு. இந்த வீட்டு வாடகையும் நான் கட்டுறேன். அதை நீங்க காக்காகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லுங்க. அவங்களுக்கும் ரத்தக்கொதிப்பு இருக்கு.

— ஏன் புள்ள இப்புடி முறுக்கிக்கிட்டு நிக்கிற? உன்னை நான் நாத்தனா மாதிரியா நடத்துனேன்? ஒரு மாசந்தானே. நிறுத்திக்கயேன். அடுத்த வருசம் பாத்துக்க, யாரு கேக்கப் போறா?

— அடுத்த வருஷம் எனக்கு எதுக்கு? எனக்கு இந்த வருஷந்தான் வேணும்.

— அப்புடி என்னதான் வச்சுருக்கு அதுல?

— இருங்க, சொல்றேன்.

— அது என்ன சத்தம்? உன் போனா?

— குரூப்பு இல்ல, எனக்குத் தனியா வந்திருக்கு. யான்பு முனியசாமி. வாய்ஸ் நோட்டு. அப்புறம் கேட்டுக்கிறேன்.

— அப்புறம் என்ன அப்புறம்? இப்பவே போடு. தனியா அனுப்புற ஆம்பளை உன்கிட்ட என்ன பேசுறான்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.

— தாராளமா. நல்லாக் கேளுங்க. இந்தாங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்.

— அக்கா, வணக்கங்க்கா. யான்புலருந்து முனியசாமி பேசுறேன். நேத்து நீங்க சொன்ன தையல் மிசின் படத்த இன்னைக்குக் காலைல பாத்தோம்க்கா. டூட்டி முடிஞ்சு வந்து, குளிச்சுப்புட்டு, ஏழு மணிக்கு. வெளிய வெயிலு கொளுத்துது, நாங்க சன்னல்ல கம்பளியக் கட்டி ரூம இருட்டாக்கிட்டு எட்டுப் பேரும் உக்காந்தோம். படம் சூப்பருக்கா. குரூப்புல போட வேண்டாம்னு ஒரு விசயந்தான் தனியாச் சொல்றேன். எங்க ரூம்ல கார்மேகம் அண்ணன் இருக்காருல்ல, அவரு அம்மா போன வெள்ளிக்கெழம தவறிப்போச்சு. பேப்பரு ரெடியாகல, ஊருக்குப் போக முடியல. எடுக்குறத வீடியோவுலதான் பாத்தாரு. ஒரு சொட்டுக் கண்ணீரு விடலக்கா. டூட்டிக்கு வந்தாரு, சாப்பாட்டத் தின்னாரு, படுத்தாரு. எங்களுக்குத்தான் பயமாப் போச்சு. இன்னைக்குப் படத்துல அந்த மிசின் தன்னால ஓடி, கெழவி சடார்னு திரும்பிப் பாப்பால்ல, எல்லாரும் ஓன்னு கத்திட்டோம். அண்ணனும் கத்துனாரு. நாங்க நிறுத்திட்டோம். அவரு நிறுத்தலக்கா. அப்பறந்தான் எங்களுக்குப் புரிஞ்சுச்சு, அது படத்துக்குக் கத்துறது இல்லன்னு. பக்கத்து ரூம்காரய்ங்க வந்து கதவத் தட்டுனாய்ங்க. பேய்ப்படம் பாய், பேய்ப்படம்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டோம். படம் முடிஞ்சிருச்சு, அவருக்கு முடியல. நான் திருப்பி மொதல்லருந்து போட்டு விட்டேன்க்கா. ரெண்டாவது வாட்டி ஓடுறப்ப எல்லாருமே சேந்து கத்துனோம். அப்பறம் அவரு தூங்கிட்டாரு. நாளைக்கு என்ன படம்னு சொல்லுங்கக்கா. அவருதான் கேக்கச் சொன்னாரு. வச்சிர்றேன்க்கா.

— கேட்டாச்சா லாத்தா? ஆம்பளை என்ன பேசுறான்னு தெரிஞ்சுக்கிட்டீங்களா?

— அல்லாவே. பெத்தவ மொகத்தைக்கூடப் பாக்க முடியலையா அந்த மனுசனுக்கு?

— முடியல. இப்ப சொல்லுங்க. வயரைப் பிடுங்கணுமா?

— அது அந்தாளு கதை. இங்க நீ மய்யித்தைப் பாத்த, குளிப்பாட்டி எடுக்குற வரைக்கும் கூடவே இருந்த. உனக்கு என்ன கொறை?

— கூடவே இருந்தேன். சரிதான். எடுத்த நேரத்துல என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? நான் வாயைத் தொறந்தேன். யாரோ கையால பொத்துனாங்க. யாரு அது?

— நான்தான்.

— ‘சத்தம் போட்டு அழாத புள்ள, மய்யித்துக்கு வேதனை’ன்னு காதுல சொன்னீங்க.

— மார்க்கத்துல உள்ளதைத்தானே சொன்னேன்? ஒப்பாரி வைக்கக்கூடாது. கண்ணீரு விடலாம், வேணாங்கல.

— நான் உங்களைக் குத்தம் சொல்லல. சரின்னு அடக்கிக்கிட்டேன். அவங்களுக்கு வேதனைன்னு சொன்னா நான் எப்படிக் கத்துவேன்? ஆனா ரெண்டு வாரம் கழிச்சு என்ன ஆச்சு? கதவு பெல் அடிச்சுது. தொறந்து பாத்தா ஆளில்ல. கைப்பிடியில உங்க தம்பியோட நாலு சட்டை தொங்குது. தேச்சு, கவர் போட்டு, ஹேங்கரோட. மவுத்துக்கு முந்தின நாள் லாண்டரிக்குப் போட்டது. கடைக்காரருக்குச் சொல்லணும்னு யாருக்குமே தோணல.

— அன்னைக்குத்தான் நீ கத்துனியா?

— கத்துனேன். ஒரு நிமிஷம்கூட முழுசா இல்ல. எதிர் வீட்டு பிருந்தா ஓடி வந்தா, மாடிவீட்டு அம்மா தண்ணியோட வந்தாங்க. உங்களுக்குப் போன் போச்சு, நீங்க வந்தீங்க. ஒருத்தி தலையைத் தடவுறா, ஒருத்தி விசிறுறா, நீங்க ‘சபுர் பண்ணு, பொறுத்துக்க புள்ள’ன்னு முதுகைத் தட்டுறீங்க. எல்லாரும் நல்லவங்க. எல்லாருமா சேந்து என் வாயை அடைச்சிட்டீங்க. தொண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க அப்படியே இருந்தேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

— சொன்னா என்ன செய்வீங்க? மறுபடி சபுர் பண்ணச் சொல்வீங்க. அக்டோபர் ஒண்ணாம் தேதி வந்துச்சு. குரூப்புல எல்லாரும் பேசாம இருந்தாங்க. என்கிட்ட கேக்க அவங்களுக்கு வாய் வரல. நானே போனை எடுத்து முதல் படத்தைச் சொன்னேன். சொல்லிட்டு இங்க தனியா உக்காந்து அதைப் போட்டேன். பேய் வந்துச்சு. கத்துனேன் லாத்தா. அடிவயித்துலருந்து கத்துனேன். பேய் போனப்புறமும் கத்துனேன். ஒருத்தரும் ஓடி வரல. பிருந்தா மட்டும் போன் பண்ணி, ‘இன்னைக்கு என்ன படம்க்கா?’ன்னு சிரிச்சா.

— தெனமும் இப்புடித்தானா?

— பத்தொம்பது படம் பாத்தாச்சு. இன்னும் பன்னெண்டு இருக்கு. அதுல ஒண்ணைக்கூட நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். காக்கா வந்தாலும் சரி, கீழக்கரையே கெளம்பி வந்தாலும் சரி. என்னைத் துக்கம் இல்லாதவன்னு சொல்லட்டும். வெக்கங்கெட்டவன்னு சொல்லட்டும். பாத்துட்டுப் போறேன். இந்த டிவியை எடுக்கணும்னா என்னையும் சேத்துத்தான் தூக்கணும்.

— போன் அடிக்குது. இரு.

— எடுங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க. பயமில்ல.

— நீ சும்மா இரு. ஆங், என்னாங்க… இல்லைங்க, கழட்டல… இல்ல, நான் கழட்டப் போறதும் இல்ல… டிரைவரை மேல அனுப்புறீங்களா? நல்லாருக்கே! இத்தா இருக்குற வூட்டுக்குள்ள அன்னிய ஆம்பளை நொழையலாமா? நீங்களே இப்புடிச் சொன்னா எப்புடி?… நீங்களா? நீங்களும் அவளுக்கு அன்னியந்தான், நீங்களும் வரப்படாது… கோவப்பட்டா படுங்க. நாப்பது வருசமா பாத்துட்டேன்… வண்டிய அனுப்பிருங்க. எனக்கு வர நேரமாவும். சோத்தை நீங்களே எடுத்துப் போட்டுத் தின்னுக்கங்க. வைக்கிறேன்.

— லாத்தா! காக்கா விட மாட்டாங்க. வீட்டுக்குப் போனா உங்களைத்தான் குதறுவாங்க.

— குதறட்டும். எம் புருசந்தானே. நான் பேசிக்கிறேன். நீ என்னமோ உன் வாயை மட்டுந்தான் பொத்துனாஹன்னு பேசுற. அன்னைக்கு ஒரு கையால உன்னைப் புடிச்சேனே, இன்னொரு கை எங்க இருந்துச்சுன்னு நீ பாத்தியா?

— இல்ல.

— எப்புடிப் பாப்ப? என் வாயில இருந்துச்சு. என்னைவிட ஒம்பது வயசு எளையவன். உம்மா வேலையா இருப்பாஹ, நான்தான் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். அவனை எடுக்குறப்ப எல்லாரும் என்னையத்தானே பாத்தாஹ. மூத்தவ, தைரியசாலி, இவளே கத்துனா மத்தவுஹ என்ன ஆவாஹன்னு. சந்தூக்குல வச்சு அவனைத் தூக்கிக்கிட்டுப் படியெறங்குற வரைக்கும் கையை எடுக்கல. வூட்டுக்குப் போனா அவுஹளுக்குச் சோறு ஆக்கணும். ஊருல உம்மாவுக்குப் போன்ல தைரியம் சொல்லணும். இன்னைக்கு வரைக்கும் எடுக்கல புள்ள.

— லாத்தா, இங்க வாங்க. பக்கத்துல உக்காருங்க.

— உக்காருறேன். மொதல்ல போயி அந்த வாசக்கதவைச் சாத்து.

— சாத்திட்டேன்.

— தாப்பாளும் போட்டுட்டியா? சரி, இப்ப எனக்குச் சொல்லு. வாய்விட்டுக் கத்துறதுக்கு வசதியான படம் எது?